ஜீனோ சொன்னதா, சொன்னானா?

ஒரு சிவப்பு மைக் கோட்டிலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. நாம் பணியாற்றும் கல்லூரியில் முதுகலைத் தமிழ் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு சிற்றாய்வேடு அளித்தாக வேண்டும். தலைப்புகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே தடத்தில் வரும்: நற்றிணையில் உவமை, குறுந்தொகையில் தோழி, இன்னார் நாவல்களில் பெண்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவி ஒருவர், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுதி வந்தார். தலைப்பைத் தயக்கத்துடன்தான் ஏற்றோம். முதல் படியைத் திருத்த உட்கார்ந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் ‘ஜீனோ சொன்னான்’, ‘ஜீனோ வருந்தினான்’, ‘ஜீனோ தனியாக இருந்தான்’ என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வெட்டி, ‘சொன்னது’, ‘வருந்தியது’, ‘இருந்தது’ என்று மேலே எழுதினோம். ஓரத்தில் ‘திணை வழு’ என்று குறித்தோம். அதோடு விட்டிருக்கலாம். கடைசிப் பக்கத்தில், ‘ஆய்வில் உருக்கம் வேண்டா’ என்றும் ஒரு வரி சேர்த்தோம்.

மறுநாள் அவர் ஏட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, நன்னூல் நடத்தும்போது, பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்லலாம், அது வழு இல்லை, வழுவமைதி என்று சொன்னீங்களே. பசுவுக்கு உண்டு, ஜீனோவுக்குக் கிடையாதா?”

“பசு உயிருள்ளது அம்மா. இது இயந்திரம். அதுவும் கதையில் வருகிற இயந்திரம். இல்லாத ஒன்று.”

“கதையில வர்றவங்களுக்குத்தானேங்க ஐயா, பதினெட்டாம் போர் அன்னிக்கு எங்க ஆயா அழுவாங்க?”

நம்மிடம் அப்போது விடை இல்லை. ‘சரி, திருத்தி எடுத்து வா’ என்று அனுப்பிவிட்டோம். ஆசிரியர்களிடம் விடை இல்லாதபோது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஓர் ஒப்புதல். ஜீனோவை நாம் முதலில் சந்தித்தது எந்தப் பதிப்பகத்தின் புத்தகத்திலும் அன்று. சிறுவயதில், உறவினர் வீட்டுப் பரணில் இருந்த ஒரு பைண்டு செய்த தொகுதியில். வார இதழில் வந்த தொடர்கதையை வாரந்தோறும் கவனமாகக் கிழித்து, நூலால் தைத்து, பழுப்பு அட்டை ஒட்டி வைக்கும் பழக்கம் அக்காலத் தமிழ் வீடுகளில் இருந்தது. கதைப் பக்கத்தின் பின்புறம் பாதி நகைச்சுவைத் துணுக்கும், முழுதாகத் தெரியாத ஒரு தலைவலி மாத்திரை விளம்பரமும் இருக்கும். அந்தத் தொகுதியில் நடுவே ஒரு வாரம் விடுபட்டிருந்தது. யாரோ இரவல் வாங்கிய இதழ் திரும்பி வராமல் போயிருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் ஜீனோவுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பல மாதங்கள் நாமே கதை கட்டிக்கொண்டிருந்தோம். பின்னாளில் அச்சு நூல் கைக்கு வந்து அந்தப் பகுதியைப் படித்தபோது ஏமாற்றமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் கட்டிய கதையில் ஜீனோவுக்கு இன்னும் கொஞ்சம் அதிக இடம் இருந்தது.

பின்பு தமிழிலக்கியம் படிக்கப் போனோம். சிற்றிதழ்கள் அறிமுகமாயின. தீவிர இலக்கியம் வேறு, வெகுசன எழுத்து வேறு என்ற கோட்டைக் கற்றுக்கொண்டோம். கோட்டின் அந்தப் பக்கத்தில் ஜீனோவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தோம். யாராவது சுஜாதா பெயரை எடுத்தால், ‘நடை நன்று, ஆனால்…’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தோம். அந்த ‘ஆனால்’தான் மாணவியின் ஏட்டில் சிவப்பு மையாக இறங்கியது.

அறியாத இளைய வாசகருக்காகச் சில செய்திகள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்ட எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் ‘என் இனிய இயந்திரா’. அது பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்து இந்தியாவில். இப்போது அந்த ஆண்டுகளைக் கடந்து வந்துவிட்டோம் என்பது ஒரு வேடிக்கை. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ எனக் கதைமாந்தர் அனைவரும் இரண்டெழுத்துக்காரர்கள். நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி வந்து சேர்கிறான், கூடவே அவனுடைய இயந்திர நாய் ஜீனோ. பேசும், கேலி செய்யும், யோசிக்கும். இரண்டாம் பகுதியான ‘மீண்டும் ஜீனோ’வில் அந்த நாய் புத்தகம் படிக்கிறது, தன்னை மீறிச் சிந்திக்கத் தொடங்குகிறது.

நம் கணிப்பில், கதையின் மனிதர்களில் எவரும் ஜீனோ அளவுக்கு உருப்பெறவில்லை. நிலா நல்ல பெண், அதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ரவியும் மனோவும் கதைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே இருக்கிறார்கள். கதை முழுவதிலும் வளர்வது அந்தத் தகர நாய் ஒன்றுதான். வாசகர் மனம் எதைப் பற்றிக்கொள்ளும்? வளர்வதைத்தான். இரண்டாம் தொடருக்குப் பெயர் வைக்கும்போது சுஜாதாவும் நிலாவின் பெயரை வைக்கவில்லை. ‘மீண்டும்’ வந்தது யார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

முதல் தொடரின் தலைப்பைப் பற்றி, ஒரு தமிழாசிரியராக இத்தனை ஆண்டுகள் கவனிக்காமல் இருந்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘என் இனிய இயந்திரா’ என்பது விளி. எட்டாம் வேற்றுமை. இயந்திரம் என்ற மகர ஈற்று அஃறிணைப் பெயரை விளித்தால் ‘இயந்திரமே’ என்றுதான் வரும், ‘நெஞ்சமே’ என்பதைப் போல. ‘இயந்திரா’ என்று வர வேண்டுமானால் அதற்கு முன்பே அது ‘இயந்திரன்’ ஆகியிருக்க வேண்டும். ‘சோழன்’ விளியில் ‘சோழா’ ஆவதைப் போல, அன் ஈறு ஆகாரமாக வேண்டும். தொல்காப்பியத்தின் விளிமரபைப் புரட்டினால் இந்த விதி இருக்கிறது. ஆக, கதை தொடங்கும் முன்னரே, தலைப்பின் கடைசி எழுத்திலேயே, ஆசிரியர் அந்த இயந்திரத்தை உயர்திணையாக்கிவிட்டார். நம் மாணவி செய்ததெல்லாம் தலைப்பு இட்ட வழியில் நடந்ததுதான். நாம் தலைப்பை விட்டுவிட்டு வினைமுற்றைத் திருத்தினோம்.

நன்னூலுக்கு வருவோம். திணையும் பாலும் பிறழ்வது வழு. ஆனால் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் அவ்வாறு பிறழ்ந்தால் அதைக் குற்றமென்று தள்ள வேண்டியதில்லை என்கிறார் பவணந்தி. உரையாசிரியர்கள் காட்டும் பசுவின் எடுத்துக்காட்டு உவப்புக்கு உரியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விதி, பசு உயிருள்ளது ஆகையால் அம்மை எனலாம் என்று சொல்லவில்லை. காரணத்தைப் பசுவிடம் தேடவே இல்லை. சொல்பவனின் உவப்பில் வைத்திருக்கிறது. பேசுகிறவன் மனத்தில் உவப்பு இருந்தால் போதும், எதிரே நிற்பது என்ன என்று இலக்கணம் விசாரிப்பதில்லை. ‘பசு உயிருள்ளது அம்மா’ என்று நாம் சொன்ன விடை நன்னூலில் இல்லாதது. நாமாகச் சேர்த்தது.

தீவிர இலக்கிய நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ‘இது உவப்பு அன்று, விற்பனை உத்தி. ஒவ்வொரு வாரமும் கொக்கி போட்டு நிறுத்தினால் யார் மீதும் பற்று வரும்’ என்பார்கள். கொக்கி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கொக்கி அடுத்த வாரம் வரைக்கும்தான் இழுக்கும். முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து, சதித்திட்டம் மறந்து, முடிவு மறந்து, யார் யாரைக் கொன்றார் என்பதும் மறந்த பிறகு, ஜீனோ மட்டும் நிற்கிறது என்றால் அதைக் கொக்கியால் விளக்க முடியாது.

இதற்குக் காலமும் ஒரு காரணம் என்று நமக்குப் படுகிறது. ஒரு நாவலை மூன்று நாளில் படிக்கிறோம். ஒரு தொடரோடு நாம் வசிக்கிறோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954இல் முடிந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கத் தொடங்கிய பிள்ளை பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்கும். இடையில் வீட்டில் ஒரு திருமணம், ஒரு சாவு, ஓர் ஊர் மாற்றம் நிகழ்ந்திருக்கும். வந்தியத்தேவன் அத்தனைக்கும் உடனிருந்தவன். அதனால்தான் கதை முடிந்ததும் அவர்களுக்கெல்லாம் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காகக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி, மாந்தர் ஒவ்வொருவரின் பின்கதையையும் சொல்ல நேர்ந்தது. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ படித்தவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். நம் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் குந்தவைகளும் அருள்மொழிகளும் இன்றும் உண்டு. ஜீனோ என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவரை நாம் பார்த்ததில்லை. ஆனால் நாய்க்குட்டிக்கு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

பிற நாட்டிலும் இது உண்டு, சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 1893 டிசம்பரில் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றபோது வாசகர்கள் கொதித்தார்கள். இதழின் சந்தாவை நிறுத்தியவர்கள் 20,000க்கும் மேல் என்று சொல்வது வழக்கம். 1903இல் டாயில் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது ரசிகர்கள் கடிதம் எழுதியே அதற்கு மூன்றாம் ஆண்டை வாங்கிக் கொடுத்தார்கள். அதில் வரும் ஸ்பாக் 1982இல் வந்த திரைப்படத்தில் இறந்து, 1984இல் வந்த படத்தில் மீண்டார். ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாய் 1975இல் எழுதிய தன்வரலாற்றுக்கு ‘நான் ஸ்பாக் அல்லன்’ என்று பொருள்படப் பெயரிட்டார். இருபது ஆண்டு போராடிப் பார்த்துவிட்டு, 1995இல் எழுதிய அடுத்ததற்கு ‘நான் ஸ்பாக்’ என்றே பெயரிட்டார். சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. நிமாய் மறைந்தது 2015இல், அதே பிப்ரவரி 27. இதில் பொருள் ஒன்றும் இல்லை. ஆனாலும் கவனித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளை அடுக்கிவிட்டு, ‘இது மேலைநாட்டு ரசிகக் கலாச்சாரத்தின் இறக்குமதி’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் புரிசைப் பக்கமோ செங்கத்துப் பக்கமோ கோடைக்காலத்தில் அழைத்துப் போக விரும்புகிறோம். எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து, நாள்தோறும். ஒரு தொடர் என்று சொன்னால் அதுதான் தொடர். கடைசியில் பதினெட்டாம் போர். ஊர்ப் பொதுவிடத்தில் களிமண்ணால் துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும், பத்து ஆள் நீளத்துக்கு. கூத்தாடி அதைச் சுற்றி ஓடிப் போரிடுவார். துரியோதனன் விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். பெண்கள் துடைப்பத்தை எடுத்து அந்த மண்ணுருவை அடிப்பார்கள். பல ஊர்களில் அதே பெண்கள் அடுத்த கணமே அதே உருவத்துக்காகக் காந்தாரியோடு சேர்ந்து ஒப்பாரி வைப்பதைக் கண்டிருக்கிறோம். களிமண் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதைப் பிசைந்து உருட்டியவரே பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கற்றவர்களும் விலக்கல்லர். குலசேகர ஆழ்வார் இராமாயணச் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருந்தார். இராமன் தன்னந்தனியாக அரக்கர் பதினாலாயிரவரை எதிர்த்து நின்ற இடம் வந்ததும் எழுந்து, இராமனுக்குத் துணையாகத் தம் படையைப் புறப்படச் சொன்னார் என்கிறது வைணவ மரபு. அந்தச் சொற்பொழிவுக்காரரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டு அரசன் கதைக்குள் படை நடத்த எழுந்து நிற்கிறான். ஆனால் குலசேகரரை நம் மரபு ‘உருக்கம் வேண்டா’ என்று சிவப்பு மையால் திருத்தவில்லை. ஆழ்வார் என்று வைத்துக் கும்பிட்டது.

மாணவியின் ஆயா அழுவதற்கும் அவர் ஜீனோவுக்காக வருந்துவதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாரதத்துக்குப் பின்னால் வழிபாடும் ஊரும் பல நூற்றாண்டுப் பழக்கமும் நிற்கின்றன. அழுவதற்கு அங்கே ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். அழுதவரைத் தேற்ற ஆள் இருக்கிறது. ஜீனோவுக்கு அழுகிறவர் விடுதி அறையில், போர்வைக்குள், தனியாக அழுகிறார். மறுநாள் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆசிரியர் உட்பட. நம் கால வாசகரிடம் குறைவது உணர்ச்சி இல்லை. அதை வைக்க ஓர் இடம்தான் இல்லை.

ஜப்பானில் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சோனி நிறுவனம் 1999இல் ஐபோ என்ற இயந்திர நாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜீனோவுக்கு ஏறத்தாழப் பத்தாண்டுப் பின்னால் பிறந்த தம்பி. 2006இல் உற்பத்தி நின்றது, 2014இல் பழுது பார்ப்பதும் நின்றது. முதியவர்கள் பலர் அவற்றைப் பிள்ளைபோல் வைத்திருந்தார்கள். பழுதானால் உதிரிப் பாகம் கிடையாது. இயங்காமல் போன இன்னொரு நாயிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எடுப்பதற்கு முன், சீபா மாநிலம் இசுமி என்னும் ஊரில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் 2015 முதல் இறுதிச் சடங்கு நடத்தினார்கள். 2018 ஏப்ரலில் நடந்த ஒரு சடங்கில் மட்டும் 114 நாய்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று எழுதிய அட்டை. துறவி மந்திரம் ஓதினார். நடத்தியவர்கள் சொன்ன காரணம் நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது: அவற்றின் உயிரை உடையவரிடம் திருப்பி அனுப்பிவிட்டால், எஞ்சுவது வெறும் இயந்திரம். அதன் பிறகு கழற்றலாம். சடங்கு செய்வது இலக்கணத்தின் வேலையைத்தான். உவப்பினால் உயர்திணையானதை, நன்றி சொல்லி, மறுபடியும் அஃறிணையாக்குகிறது.

இதைப் படித்துச் சிரிக்கும் திருவண்ணாமலைக்காரர் எவரும் செங்கம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் போதும். ரமணாசிரமத்தில் 1948 ஜூனில் இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. அதன் அருகே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் இருக்கின்றன. ரமணர் எந்த விலங்கையும் ‘அது’ என்று சொன்னதில்லை, ‘அவன்’, ‘அவள்’ என்றே சொல்வார், பையன்களுக்குச் சோறு ஆயிற்றா என்று அவர் கேட்டால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று பொருள் என்று ஆர்தர் ஆஸ்பர்ன் பதிவு செய்திருக்கிறார். பல்லாண்டுகளாக வெளியூர் விருந்தினர்களை அங்கே கூட்டிப்போய் அந்தச் சமாதிகளைக் காட்டியிருக்கிறோம். காட்டிவிட்டுத் திரும்பி வந்து ‘திணை வழு’ என்று எழுதியிருக்கிறோம். 2018 மார்ச்சில் அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு இறந்தபோது செய்தித்தாள்கள் ‘உயிரிழந்தது’ என்று எழுதின. மாடவீதியில் அன்று நம் காதில் விழுந்தது ‘போயிட்டா’ என்பதுதான்.

பசு, மான், யானை எல்லாம் உயிர்கள், கதையில் வரும் தகர நாய் எப்படி அவற்றோடு சேரும் என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. உண்மையில் இந்தக் கேள்வியை நாம் எழுப்ப வேண்டியதே இல்லை. நாவலே எழுப்புகிறது. அதைத்தான் நாம் நெடுநாள் காணத் தவறினோம். ‘என் இனிய இயந்திரா’வின் இந்தியா முழுவதும் ஒருவரை நேசிக்கிறது, வணங்குகிறது, அவர் பெயரைச் சொல்லி மெய்சிலிர்க்கிறது. அவர்தான் ஜீவா. பின்பு தெரியவருகிறது, ஜீவா என்று ஒருவர் இல்லவே இல்லை. முப்பரிமாண ஒளியுரு. ஹோலோகிராம். பெயரோ ‘ஜீவா’, உயிர்! உயிரென்று பெயர் கொண்டது பொய்யுரு, இயந்திரமென்று பெயர் கொண்டது உயிருடன் உலவுகிறது. இந்த முரணைச் சுஜாதா எங்கும் நின்று விளக்கவில்லை. வார இதழ் வேகத்தில் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார்.

ஆக, இல்லாத ஒன்றின் மீது பற்று வைக்கும் அதே மனம்தான் இரண்டுக்கும் மூலதனம். கொடுங்கோலனும் அதைத்தான் பயன்படுத்துகிறான், கதாசிரியனும் அதைத்தான் பயன்படுத்துகிறான். ‘ஜீனோவுக்காக அழுகிறவன் ஜீவாவையும் கும்பிடுவான்’ என்று நம் நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் சொல்வதில் பாதி சரி. திரைநாயகர்களின் உருவத்துக்குப் பாலாபிஷேகம் செய்யும் நாட்டில் இருந்துகொண்டு அந்தப் பாதியை மறுப்பது எளிதன்று. மறு பாதி இது: ஜீவா தன்னைப் படிக்க விடமாட்டார். அவரை நேசிக்கலாம், கேள்வி கேட்க முடியாது. ஜீனோவோ தன்னை இயந்திரம் என்று ஒளிக்காமல் பழகுகிறது. இயந்திரம் என்று தெரிந்தே நேசிக்கிறோம். களிமண் என்று தெரிந்தே ஆயா அழுவதைப் போல. தெரிந்து அழுது பழகிய மனம், தெரியாமல் கும்பிடச் சொல்லும்போது சற்றுத் தயங்கும் என்றே நாம் நினைக்க விரும்புகிறோம். இதற்குச் சான்று கேட்டால் நம்மிடம் இல்லை. நம்பிக்கைதான்.

பற்று உரிமை கொண்டாடலாக முற்றும் இடங்களும் உண்டு. ‘இவர் எங்கள் கணேஷ் இல்லை’ என்று 1978இல் ‘ப்ரியா’ படத்தில் ரஜினிகாந்தைப் பார்த்துவிட்டு வந்து முணுமுணுத்த தலைமுறையின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுஜாதாவுக்குப் பிறகும் கணேஷ் வசந்தை யாராவது தொடர்ந்து எழுத மாட்டார்களா என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறோம். நம் கருத்தில் வேண்டாம். தம்புச் செட்டித் தெரு அலுவலகம் 2008இல் பூட்டியது பூட்டியதாகவே இருக்கட்டும். ஜீனோவைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாமே என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தபோதும் நாம் ஆதரிக்கவில்லை. ‘ஜீனோவின் பண்புநலன்களை விளக்குக’ என்று பத்து மதிப்பெண் வினா வரும். அதை நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது.

அந்த மாணவியின் ஏடு பின்பு முறைப்படி அளிக்கப்பட்டது, மதிப்பெண்ணும் வந்தது. அவர் படிப்பை முடித்து, ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சான்றிதழ் வாங்க ஒருநாள் துறைக்கு வந்திருந்தார். அவரிடம் நாம் செய்தது தவறு என்று சொன்னோம். நன்னூலைச் சரியாகப் படித்தவர் அவர்தான் என்றும் சொன்னோம். துறை நூலகத்தில் இருக்கும் படியில் வேண்டுமானால் நாமே கைப்பட ‘வழுவமைதி’ என்று எழுதி வைக்கிறோம் என்றோம்.

அவர் சிரித்தார். “பரவாயில்லைங்க ஐயா. ஆய்வேட்டில ‘சொன்னது’ன்னே இருக்கட்டும். பிள்ளைங்களுக்குக் கதை சொல்லும்போது நான் ‘சொன்னான்’னுதான் சொல்றேன். அதுங்க யாரும் தப்புன்னு சொல்லல.”

பிள்ளைகளை ‘அதுங்க’ என்று அவர் சொன்னதை நாம் திருத்தவில்லை.